கலைச்சொல் வேண்டும்: மழையும் கடலும் சேர்ந்து தரும் வெள்ளம்

புவியியல் ஆசிரியை, திருகோணமலை:
வணக்கம். உயர்தர வகுப்பு மாணவருக்கான வெள்ள அபாயக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ‘கொம்பவுண்ட் ஃபிளடிங்’ என்பதற்கு என்ன எழுதலாம்? தாழமுக்கம் மழையையும் கொட்டுகிறது, காற்றைக் கரைநோக்கியும் தள்ளுகிறது. வளியமுக்கம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உயரும். காற்றும் அலையும் அதற்குமேல். வடிகான் வாயில் கடல் ஏறி நின்றால் தெருவில் விழுந்த நீர் இறங்காது. இப்போதைக்கு ‘கூட்டு வெள்ளம்’ என்று போட்டிருக்கிறேன்.

தமிழாசிரியர், மூதூர்:
‘கூட்டு’ வெறும் எண்ணிக்கை, தங்கச்சி. ‘மறிவெள்ளம்’ என்க. வினைத்தொகை: மறித்த, மறிக்கின்ற, மறிக்கும் மூன்றும் அடங்கும். மறிதல் என்றால் திரும்புதலும்தான். அலை மடங்கி விழுவது திரை மறிதல். கடல் மறிக்க, நீர் ஊருக்குள் மறிகிறது. மறு, மாறு, மறி மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு.

நண்பர், நாகப்பட்டினம்:
‘ஓத வெள்ளம்’ என்று போட்டால் என்ன? ஓதம் என்பது கடல் ஏறி இறங்குவது. சங்கச் சொல்லாயிற்றே.

ஆசிரியை:
பாடநூலில் ‘வற்றுப்பெருக்கு’ என்றிருக்கிறது, அண்ணா. பிள்ளைகளுக்கு ஓதம் என்றால் சுவர் ஈரம். தவிர, இங்கே வற்றுப்பெருக்கு 1 மீற்றருக்கும் குறைவு. அதை மட்டும் காரணமாக்க முடியாது.

நீர்ப்பாசனப் பொறியியலாளர், கிண்ணியா:
ஐயா, ‘மறி’ என்றதும் இங்கே சந்தேகநபரைக் காவலில் வைக்கும் விளக்கமறியல்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், எல்லா வெள்ளமும் மறிப்பால் வருவதில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மலைநாட்டு மழைநீர் பிந்தித்தான் வரும். நம்மூரில் மழை விட்டபின்னும் ஆறு ஏறும். ‘கூட்டு’ இதையும் அடக்கும்.

ஆனால் மறிப்பைக் கையேட்டில் விட்டுவிடாதீர்கள். எங்கள் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி, ஒடுக்கம்; குடாவும் ஆழம். பாக்குநீரிணையில் போலப் பெரிய கடல் எழுச்சி இங்கே உருவாவது கடினம். அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் 1000 மீற்றருக்கு 1 மீற்றர் சரிவுள்ள வடிகானின் வாயில் கடல்மட்டம் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தாலே நீர் சுமார் 300 மீற்றருக்குப் பின்தேங்கும். குப்பை அடைத்த மதகென்றால் இன்னும் மோசம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்தது. அத்தகைய நாளில் காற்றுத் திசை எப்போது திரும்புகிறது என்பதையும் மாணவர் குறிக்க வேண்டும்.

ஆசிரியை:
அப்படியானால் தலைப்பு ‘கூட்டு வெள்ளம்’; வடிகான் வாயில் நடப்பது ‘கடல் மறிப்பு’. நால்வரில் மூவர் சம்மதம்.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். என் மறுப்பைச் சொற்பட்டியலில் பதியுங்கள். ஒரே தாழமுக்கம் இரண்டையும் கொண்டுவருகிறது என்ற செய்தி ‘கூட்டு’வில் இல்லை, நீங்களே எழுதிய முதற்பதிவில்தான் இருக்கிறது.