லைக்கனின் கார்டெக்ஸ்: புறணி பொருந்துமா?

> கார்டெக்ஸ் என்றால் புறணி. பாடநூலிலேயே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

வணக்கம். பாடநூலில் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே தண்டிலும் வேரிலும் புறத்தோலுக்கு உள்ளே இருக்கும் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கனில் புறத்தோல் என்று ஒன்று தனியாகக் கிடையாது. தண்டின் குறுக்குவெட்டைப் படித்துவிட்டு வருகிற பிள்ளை இங்கேயும் புறணிக்கு மேல் ஒரு தோலைத் தேடும்.

கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அஞ்சறைப்பெட்டியில் இருந்தால் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். மேற்புறம் சாம்பல், அடிப்புறம் கறுப்பு. இரண்டுமே கார்டெக்ஸ்தான். பூஞ்சையிழைகள் நெருக்கியடித்து, எது எந்த இழை என்றே தெரியாதபடி ஒட்டிப்போய் உண்டானவை. நுண்ணோக்கியில் பார்த்தால் தாவரத் திசுவோ என்று ஏமாந்துபோவோம். மேல் கார்டெக்ஸுக்கு அடியில் மெல்லிய பச்சை வரியாகப் பாசி. அதற்கும் கீழே மெடுல்லா: அதே பூஞ்சையின் இழைகள்தான், ஆனால் பஞ்சுபோல இடைவெளி விட்டு.

மெடுல்லாவுக்கு ‘அகணி’ போதும். பனைமட்டையின் உள்நாரை அப்படித்தானே சொல்கிறோம்! கார்டெக்ஸுக்கு என் முன்மொழிவு ‘செறியிழை’.

> செறியிழை நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் உஸ்னியா என்கிற லைக்கனை என்ன செய்வீர்கள்? ஈரக் கிளையை மெல்ல இழுத்தால் வெளிப்பகுதி உடைந்து, நடுவில் வெள்ளை நரம்பு ஒன்று ரப்பர்போல நீளும். அதுவும் செறிந்த இழைதான். கார்டெக்ஸ் இல்லையே!

சரி, மாட்டிக்கொண்டேன். செறிவை மட்டும் சொன்னால் போதாது, இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். அப்படியானால் ‘இழையுறை’. மேல் இழையுறை, கீழ் இழையுறை என்று பிரிக்கவும் எளிது. உஸ்னியாவின் நரம்பை ‘நடுநாண்’ என்று விட்டுவிடலாம்.

இன்னொரு கேள்வி வரும் என்று தெரியும். பிரையோரியா என்கிற லைக்கனின் கார்டெக்ஸில் ஈஸ்ட் வடிவில், அதாவது தனித்தனிச் செல்களாக, வேறொரு பூஞ்சையும் இருப்பதை 2016-இல் டோபி ஸ்ப்ரிபில் குழுவினர் காட்டினார்களே, ஈஸ்ட் இழை இல்லையே என்பீர்கள். அந்த ஈஸ்ட் உறைக்குள் பதிந்து கிடப்பது. உறையை நெய்தது இழைதான். அதனால் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு லைக்கன்களைப் பற்றிய வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். “கொல்லீமாவுக்கு இழையுறை இல்லை, லெப்டோஜியத்துக்கு ஒரே செல் கனத்தில் உண்டு.” இடறவில்லை.

அப்புறம், சூடோசைஃபெல்லா பாக்கி இருக்கிறது. இழையுறை விட்டுப்போய் அகணி வெளியே தெரிகிற சின்ன வெண்புள்ளி. காற்றுப் போக்குவரத்துக்கு உதவுவது. ‘பொய்க்குழி’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க எனக்கு மனமில்லை. ‘அகணிக்கண்’ என்றால் எப்படி?