அம்மாவுக்கு மறதி நோய்: உயில், பராமரிப்பு பற்றி யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு மறதி நோய் தொடக்க நிலையில் இருக்கிறது. இப்போதைக்குத் தெளிவாகவே இருக்கிறார், கணக்கு வழக்கும் அவர்தான் பார்க்கிறார். உயிலை உடனே எழுதிவிட வேண்டும் என்று அவரே சொல்கிறார். நோய் இருப்பதாலேயே உயில் செல்லாமல் போகாது, கையெழுத்துப் போடும்போது தெளிந்த மனநிலை இருந்தால் போதும். அதனால் அன்றே மருத்துவர் சான்று வாங்கி, சொத்தில் பங்கில்லாதவர்களைச் சாட்சியாக வைக்கப் போகிறோம்.

என் பெரிய கவலை வேறு. உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதற்கு முன், அவரால் எதையும் முடிவெடுக்க முடியாத வருடங்கள் வரலாம். சாதாரண பவர் பத்திரம் (அவர் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) பல நாடுகளில் அந்த நிலை வந்ததும் செல்லாமல் போய்விடுகிறது. அப்போது அவருடைய பணத்தை எடுத்து அவருக்கே மருந்து வாங்க என்ன வழி? நீதிமன்றம் மூலம் காப்பாளராக நியமனம் பெற்றவர்கள், எவ்வளவு காலம் ஆனது, என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், தங்கை வேலையைக் குறைத்துக்கொண்டு அம்மாவோடு இருக்கிறாள். அவளுக்கு உயிலில் கூடுதல் பங்கா, மாதாமாதம் அம்மா பணத்திலிருந்து ஒரு தொகையா? மாதத் தொகைதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது, அவள் உழைப்பு இன்றைக்கு நடப்பதுதானே. அண்ணன் இந்தப் பேச்சையே தவிர்க்கிறார். அவரை எப்படி உட்காரவைத்துப் பேசுவது?

பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் போனால் முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம், அதுவரை வீடுதான் என்கிறார் அம்மா. இப்படிப்பட்ட விருப்பத்தை எழுதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன வாசகம் எழுதினீர்கள்?