பேஸ்மென்ட்டில் முதல் குளிர்காலம்: ஹீட்டர் வாங்குவதா, வேறு ஏதாவது செய்வதா?

மதுரைமல்லி:

வணக்கம். மதுரையிலிருந்து மே மாதம் வந்தோம். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்ட்டில் (தரைக்குக் கீழே உள்ள தளம்) வாடகைக்கு இருக்கிறோம், நான், கணவர், இரண்டு வயது மகன். எங்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம். அக்டோபர் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் காலையில் தரையில் கால் வைத்தால் ஜில்லென்று முழங்கால் வரை ஏறுகிறது. சமையலறை ஜன்னல் பக்கம் நின்றால் கழுத்தில் காற்று படுகிறது, ஜன்னலை நன்றாகத்தான் சாத்தியிருக்கிறேன். இட்லி ஊற்றினால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து கீழே உள்ள கட்டையெல்லாம் ஊறிப்போகிறது.

வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மேலே வீட்டுக்காரர் பகுதியில் இருக்கிறது. நல்ல மனிதர்கள்தான், ஆனால் இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது சூட்டைக் குறைத்துவிட்டுப் போகிறார்கள், நானும் மகனும் பகல் முழுக்கக் கீழேதான் கிடக்கிறோம். நவம்பர் கடைசியில் அம்மா வேறு வருகிறார். அவருக்கு மதுரை மார்கழிக்கே மூட்டு பிடித்துக்கொள்ளும்.

அறைக்கு ஒரு ஹீட்டர் வாங்கிப் போட்டுவிட்டால் முடிந்தது என்கிறார் கணவர். அவ்வளவுதானா, இல்லை வீட்டுக்குள் இப்போதே செய்து வைக்க வேண்டியது இருக்கிறதா? வாடகை வீடு, ஆணி அடிக்காத யோசனையாகச் சொல்லுங்கள்.

சங்கானைச் சித்தப்பா:

பிள்ளை, ஹீட்டருக்குக் காசைக் கொட்ட முதல் ஓர் ஊதுபத்தி கொளுத்துங்கள். பகிடி இல்லை. வெளியில் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து, அந்த ஊதுபத்தியை யன்னல் விளிம்பு, கதவின் அடிப்பக்கம், சுவரில் பிளக் இருக்கிற இடம், குழாய் சுவருக்குள் போகிற ஓட்டை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போங்கள். புகை நேரே மேலே போனால் பிரச்சினை இல்லை, உள்பக்கம் சாய்ந்தால் அங்கேதான் குளிர் நுழைகிறது. திரைச்சீலைக்குக் கிட்டே கொண்டு போக வேண்டாம், புகை அலாரத்துக்கு நேர் கீழேயும் நிற்க வேண்டாம், பிறகு மேல்வீட்டுச் சனம் எல்லாம் ஓடி வரும்.

இடம் தெரிந்துவிட்டால் செலவு பெரிதில்லை. ஒட்டுகிற ஸ்பொஞ்ச் நாடா சுருளாக விற்கிறார்கள், அதைக் கதவும் சட்டமும் சேருகிற இடத்தில் ஒட்ட வேண்டும். கதவின் அடியில் இடைவெளி இருந்தால் பழைய சாரத்தை (லுங்கியை) சுருட்டி வைத்தாலே பாதிக் காற்று நின்றுவிடும். யன்னலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் விற்கிறது: சட்டத்தைச் சுற்றி இருபக்கமும் ஒட்டுகிற நாடாவை ஒட்டி, தாளை விரித்து, தலைமுடி உலர்த்துகிற டிரையரால் சூடு காட்டினால் சுருக்கமெல்லாம் போய் மேளத் தோல் மாதிரி இறுகிவிடும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் அடைபட்டு நிற்கிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ஆனால் தப்பி ஓட வேண்டி வந்தால் திறக்கிற யன்னல் ஒன்றை மூடாமல் விடுங்கள், பேஸ்மென்ட்டில் அது முக்கியம்.

நாங்கள் 1991இல் வந்தபோது இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வின்ரர் முழுக்க ஜக்கெட்டோடேயே சாப்பிட்டோம்.

டக்ட்காரன்:

ஃபர்னஸ், அதாவது காற்றைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்புகிற கருவி, அந்த வேலைதான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஹீட்டர் கணக்கு. சாதாரணமாக விற்கிற ஹீட்டர் 1500 வாட். இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஆக ஒரு ஹீட்டரே 12.5 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக் வரிசைக்கு இருக்கும் பிரேக்கர் (அளவுக்கு மேல் இழுத்தால் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்) 15 ஆம்பியர். பழைய வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு அறைக்கும் ஒரே பிரேக்கராக இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டு ஹீட்டரைப் போட்ட அடுத்த நிமிடம் இருட்டு. ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அம்மா வந்தபின் மாலையில் ஒரு மணி நேரம் ஓடட்டும். சுவர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயரில் வேண்டாம். மெத்தை, துணி எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும், ஆள் தூங்கும்போது அணைத்துவிடுங்கள்.

அடுத்தது கூரையைப் பாருங்கள். பேஸ்மென்ட்டில் சூடான காற்று வருகிற வாய் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும், கோடையில் யாரோ மூடிவிட்டு மறந்திருப்பார்கள். பத்து வீட்டுக்குப் போனால் பல வீட்டில் நான் செய்கிற முதல் ரிப்பேர் இந்தக் கைப்பிடியைத் திருப்புவதுதான், அதற்குக் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும். காற்று திரும்பிப் போகிற பெரிய ஜன்னல் மாதிரியான கிரில் சுவரில் கீழே இருந்தால் அதன் முன்னால் சோபாவோ அரிசி மூட்டையோ வைக்காதீர்கள்.

ஃபில்டர் யார் மாற்றுவது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஃபர்னஸ் உங்கள் பக்கம் இருக்கிற அறையில்தானே இருக்கும்? அணைத்துவிட்டு ஃபில்டரை உருவிப் பார்த்தால் தெரியும், சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி இருந்தால் அதன் வழியே காற்று எப்படி வரும். அளவு அதன் சட்டத்திலேயே அச்சடித்திருக்கும், அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்க வேண்டும். மெல்லிய ஒரு இன்ச் ஃபில்டர் என்றால் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சீசனில் முதல்முறை ஓடும்போது தூசி கருகுகிற வாடை கொஞ்ச நேரம் வரும், பயப்பட வேண்டாம். நாளெல்லாம் வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் விளையாடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கேஸ் ஃபர்னஸ் இருக்கும் வீட்டில் தூங்கும் இடத்துக்கு அருகே அலாரம் வைப்பது 2014இலிருந்து ஒன்டாரியோவில் சட்டம். பின்பக்கம் தேதி போட்டிருப்பார்கள், காலாவதி ஆகியிருந்தால், அது சத்தம் போடாமல் இருப்பதை நம்ப முடியாது. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுக் குளிர்காய்வது, கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், கொடைக்கானலில் மூடிய அறைக்குள் கரி போட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

சங்கானைச் சித்தப்பா:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 2013 டிசம்பரில் ஐஸ் மழை பெய்து ரொறன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போனது. கேஸ் இருக்கிறதே என்று நினைத்தோம், ஆனால் காற்றைத் தள்ளுகிற விசிறிக்குக் கரண்ட் வேண்டும், ஃபர்னஸும் நின்றுவிட்டது. எல்லோரும் ஒரே அறையில் போர்வைக்குள். இரண்டு கனமான போர்வை, டோர்ச், பிள்ளைக்குப் பால்மா ஒரு பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

கறிவேப்பிலைக்காரி:

மல்லி, ஜன்னலில் தண்ணீர் வழிவதை யாரும் கவனிக்கவில்லையே. வீட்டுக்குள் இருக்கிற ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது, அதுதான். இட்லி, சோறு, ரசம் என்று நாம் கொதிக்க விடுகிற ஆவிக்குக் குறைவில்லை, அதோடு ஈரத்துணியை உள்ளே கொடி கட்டிக் காயப்போடுகிறீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். சமைக்கும்போது அடுப்புக்கு மேல் இருக்கிற விசிறியைப் போடுங்கள், இறக்கிய பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். காலையில் ஒரு பழைய துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.

எங்கள் முதல் வருடக் கதை: கட்டில் வாங்கக் காசில்லை, மெத்தையை பேஸ்மென்ட் தரையிலேயே போட்டுப் படுத்தோம். மார்ச்சில் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, கையால் தடவினால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. மகளுக்கு அந்த வருடம் முழுக்க இருமல் ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மெத்தையைக் குப்பையில் போட்டோம். அதனால் கட்டிலோ பலகையோ, அடியில் காற்று போகிற மாதிரி எதையாவது கொடுங்கள். பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். நடக்கிற இடத்துக்குப் பஞ்சு விரிப்புத் துண்டுகள் போதும், பையன் விழுந்தாலும் அடிபடாது.

ஜனவரியில் இதற்கு நேர் எதிராகக் காற்று வறண்டு உதடு வெடிக்கும், அவசரப்பட்டு காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வாங்கி ராத்திரி முழுக்க ஓட்டாதீர்கள். ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். 30இலிருந்து 40 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஜன்னல் அழ ஆரம்பிக்கும்.

கறிவேப்பிலைத் தொட்டி வெளியே இருந்தால் இன்றைக்கே உள்ளே எடுங்கள். இலையின் பின்பக்கம் செதில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கழுவிவிட்டு எடுங்கள்.

வாடகைவாசி:

பிளாஸ்டிக் தாள் பற்றி ஓர் எச்சரிக்கை. வசந்தத்தில் நாடாவை உரித்தபோது பெயின்டும் சேர்ந்து வந்தது, முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மூலையில் ஒட்டி உரித்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். அப்புறம், டொராண்டோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகைப் பகுதி குறைந்தது 21 டிகிரியாவது இருக்க வேண்டும், ஆள் மேலே இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு தெர்மாமீட்டர் வைத்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். கேட்கவில்லை என்றால் நகராட்சியில் புகார் சொல்ல 311க்குக் கூப்பிடுங்கள்.

சங்கானைச் சித்தப்பா:

எடுத்த எடுப்பிலேயே 311ஆ? முதலில் போய்க் கதைத்துப் பாருங்கள். கீழே பகலில் பிள்ளை இருப்பது அவர்களுக்கு ஞாபகத்திலேயே இருக்காது.

மதுரைமல்லி:

எல்லோருக்கும் நன்றி. ஊதுபத்தியோடு வீட்டைச் சுற்றினேன், மகன் ஏதோ பூஜை என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தான். ஜன்னல் மேல் தப்பே இல்லை! அதற்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்தால், பழைய குழாய் எதையோ எடுத்துவிட்டு அடைக்காமல் விட்ட ஓட்டை, கைவிரல் மூன்று நுழையும். வீட்டுக்கார அண்ணனே வந்து பார்த்துவிட்டு ஃபோம் அடித்து அடைத்தார். கூரையில் இரண்டு வாய் மூடித்தான் இருந்தது, திறந்துவிட்டேன். தெர்மாமீட்டரில் பகலில் 18 காட்டியதை அவரிடம் காட்டினேன், இனி குறைப்பதில்லை என்றிருக்கிறார், பார்ப்போம். அலாரம் 2012இல் செய்தது, புதிது மாட்டித் தருகிறாராம். ஹீட்டர் ஒன்றோடு நிறுத்தியாச்சு.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. இட்லி மாவு இரண்டு நாளாகப் பொங்காமல் அப்படியே கிடக்கிறது.

கறிவேப்பிலைக்காரி:

மாவை அவனுக்குள் (பேக்கிங் அடுப்பு, oven) வைத்து, அடுப்பைப் போடாமல் உள்ளே இருக்கிற லைட்டை மட்டும் போட்டு விடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள், பொங்கி வழியும். அந்த அடுப்பின் கதவில் சீட்டு ஒட்ட மறக்காதீர்கள், என் கணவர் பீட்சா சூடாக்குகிறேன் என்று மாவோடு சேர்த்து 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டார்.