மனு கொடுக்கப் போனோம்: சங்கம் வழியாகப் பேசியவர்களின் அனுபவங்கள்

கோவில்பட்டி, தீப்பெட்டி ஆபீஸ்

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். அப்பா ஆரம்பித்த ஆபீஸை இப்போது நான் பார்க்கிறேன். நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், முக்கால்வாசி பெண்கள். போன வாரம் அக்கா மகன் கேட்டான்: "வருசா வருசம் சங்கத்துக்குச் சந்தா கட்டுறீங்களே மாமா, அதுல என்ன கிடைச்சுது?" அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கையால் செய்தது என்றால் எது என்பதில்தான் சிக்கல். கட்டை அடுக்குவது (குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவது), குச்சி முனையை மருந்தில் முக்குவது, பெட்டியில் குச்சி நிரப்புவது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது, இதில் ஒன்றைக்கூட மின்சாரத்தில் செய்யக் கூடாது. எங்கள் ஆபீஸில் மருந்து முக்க மட்டும் ஒரு மெஷின் இருந்தது. மீதி எல்லாம் கைதான். அந்த ஒரு மெஷினுக்காக, முதலிலிருந்து கடைசி வரை மெஷினிலேயே ஓட்டுகிற கம்பெனிக்கும் எனக்கும் ஒரே வரி.

முதல் சில மாதம் சங்கக் கூட்டத்தில் வெறும் கோபம்தான். "வரியைக் குறையுங்கள்" என்று அரைப் பக்க மனு எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் மூத்தவர் ஒருத்தர், எல்லாருக்குமே அவர் அண்ணாச்சி, எழுந்து சொன்னார்: "வரியைக் குறைன்னு எல்லாருந்தான் கேக்கான். பாதி மெஷின், பாதி கைன்னா என்னன்னு அவங்களுக்குப் புரிய வைக்கணும்லா?" 600 பெட்டி கொண்ட ஒரு பண்டலுக்கு எவ்வளவு கூலி, எவ்வளவு மருந்து, எவ்வளவு கரண்ட் என்று ஒவ்வொரு ஆபீஸிலும் எழுதச் சொன்னார். மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். என் தொழிலின் கணக்கு எனக்கே அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

2020 மார்ச்சில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எல்லாத் தீப்பெட்டிக்கும் ஒரே 12 சதவீதம் என்று முடிவு செய்தது. ஏப்ரல் 1 முதல் எங்களுக்கு ஆறு சதவீதம் குறைந்தது. முழுக்கக் கையால் செய்தவர்களுக்கோ 5 இருந்த இடத்தில் 12. அடுத்த கூட்டத்தில் சின்ன ஆபீஸ் நடத்துகிற அக்கா ஒருத்தர், "ஒங்களுக்கு எறக்கிட்டு எங்களுக்கு ஏத்திட்டீகளே" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். அது இன்னும் மனசில் கிடக்கிறது.

லைட்டர் விஷயம் வேறு. அதில் பெரிய ஆபீஸ், சின்ன ஆபீஸ் என்ற பேதம் இல்லை, எல்லாருக்கும் ஒரே அடி. பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் விற்பனையைத் தின்கிறது என்பதுதான் நாங்கள் போன இடமெல்லாம் சொன்னது. கலெக்டர் ஆபீஸ், எம்.எல்.ஏ., எம்.பி., சென்னை, டெல்லி என்று அலைந்தோம். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29-ல் இருபது ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள லைட்டரை இறக்குமதி செய்யத் தடை வந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் வெடி போட்டோம்.

சில மாதம் கழித்துப் பார்த்தால் பெட்டிக்கடையில் பழையபடி லைட்டர். முழு லைட்டருக்குத்தானே தடை? உதிரி பாகமாக இறக்குமதி செய்து, இங்கே ஒன்றாகச் சேர்த்து விற்றார்கள். நாங்கள் ஆளுக்கு நாலு கடையில் லைட்டர் வாங்கி, பிரித்து, பாகம் பாகமாக ஒரு அட்டையில் ஒட்டி மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். 2024 அக்டோபரில் பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது. எங்கள் அட்டையைப் பார்த்துத்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் கேட்டார்கள். ஆனால் முதல் தடையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் இரண்டாவது வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

கோயம்புத்தூர், லேத் பட்டறை

கோவில்பட்டி அண்ணாச்சி, நீங்க எழுதின அந்த மூணு ராத்திரிக் கணக்கைப் படிச்சதும் எங்க கரண்ட் பில் கதை ஞாபகம் வந்துருச்சுங்க.

2022 ஆகஸ்ட்ல, மின் கட்டணத்தை ஏத்தறதுக்கு முன்னாடி, இங்க பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துச்சு. யார் வேணும்னாலும் பேசலாம்னு எனக்கு அதுக்கு முன்னாடி தெரியவே தெரியாதுங்க. சங்கத்துல கூப்பிட்டுத்தான் போனேன். எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. என் முறை வந்தப்ப கை நடுங்குச்சு. பில்லை எடுத்துப் படிச்சேன், அவ்வளவுதான். ஆனாலும் செப்டம்பர் 10-ல கட்டணம் ஏறிருச்சு.

எங்களை நசுக்கினது யூனிட் விலையை விட நிலைக் கட்டணம்தாங்க. மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் கட்டியே ஆகணும். முன்னாடி கிலோவாட்டுக்கு 35 ரூபாய். 112 கிலோவாட் இணைப்புக்கு மாசம் 3,920 கட்டிட்டு இருந்தவங்க, 2023-ல 17,000-க்கு மேல கட்டினாங்க. அதுக்கு மேல காலையிலயும் சாயங்காலமும் உச்ச நேரக் கட்டணம்னு 25 சதவீதம் கூடுதல். ஆர்டர் இல்லாத மாசம் ஷட்டரை இறக்கிட்டு உட்கார்ந்தாலும் பில் வந்து நிக்கும்.

அப்புறம் ஊர் ஊரா இருந்த சங்கங்கள் எல்லாம் ஒண்ணு சேர்ந்தாங்க. பம்ப் செட், கிரைண்டர், ஜாப் ஒர்க், பவுண்டரின்னு தனித்தனியாக் கேட்டவங்க ஒரே கோரிக்கைப் பட்டியலுக்கு வர்றதுக்கே ரொம்ப நாள் ஆச்சு. 2023 செப்டம்பர் 25 ஒருநாள் மாநிலம் முழுக்க சிறு தொழிற்கூடங்களை அடைச்சோம். சனிக்கிழமை ராத்திரியே முடிக்க வேண்டிய ஆர்டர் எனக்கு இருந்துச்சு, பசங்களை வெச்சு முடிச்சுட்டு திங்கக்கிழமை பூட்டினேன். உச்ச நேரக் கட்டணம் பின்னாடி 15 சதவீதமாச்சு. நிலைக் கட்டணத்துல நாங்க கேட்டது கிடைக்கலைங்க. அதுக்கு இன்னும் போயிட்டுதான் இருக்கோம்.

ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரம்

என்னுடையது சின்ன அனுபவம். 2021 நவம்பர் 18-ல் அறிவிப்பு வந்தது: ஜனவரி 1 முதல் துணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் இல்லை, 12. கையில் இருந்தது ஆறு வாரம். பொங்கல் சரக்கு பாதி வந்து இறங்கியிருந்தது. எந்த விலை போடுவது என்றே தெரியாமல் கடைக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள்.

ஜவுளியில் ஒரு பலம், நூற்பு, நெசவு, சாயம், ஆயத்த ஆடை, சில்லறை என்று ஒவ்வொன்றுக்கும் சங்கம் உண்டு, நாடு முழுக்க உண்டு. சூரத்தில் கடை அடைத்தார்கள். இங்கிருந்து நாங்கள் தந்தியடிப்பது போல மின்னஞ்சல் அனுப்பினோம். சில மாநில அரசுகளும் எதிர்த்தன. டிசம்பர் 31-ம் தேதி, விடிந்தால் புது வரி என்ற நிலையில், கவுன்சில் அவசரமாகக் கூடித் தள்ளிவைத்தது. அந்தச் செய்தியைப் பார்த்து என் தம்பி கடையிலேயே அழுதுவிட்டான்.

திண்டுக்கல், செருப்புக் கடை

மேலே ஈரோட்டு அண்ணன் எழுதியதைப் படித்தேன். அதே ஜனவரி 1, அதே 5-லிருந்து 12. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த செருப்புக்கும் அதே நாளில்தான் ஏற்றினார்கள். துணிக்கு நின்றது, எங்களுக்கு நிற்கவில்லை. 2025 செப்டம்பர் 22 வரைக்கும் அந்த 12 சதவீதத்தில்தான் விற்றோம்.

அந்த டிசம்பர் மாதம் நான் ஒருத்தரிடமும் போய் நிற்கவில்லை. எங்கே போவது என்று தெரியவில்லை. எங்கள் ஊர் வணிகர் சங்கத்தில் கேட்டேன், "எல்லாக் கடைக்கும் பொதுவான பிரச்சினைன்னா பேசலாம்" என்றார்கள். செருப்புக் கடைக்கென்று தனியாக எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. நூற்றைம்பது ரூபாய் ரப்பர் செருப்பு வாங்க வருகிறவர் கூலி வேலைக்குப் போகிறவர். பத்து ரூபாய் கூடச் சொன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

கோவில்பட்டி, தீப்பெட்டி ஆபீஸ்

திண்டுக்கல் தம்பி, உங்கள் பஜாரில் செருப்புக் கடை எத்தனை இருக்கும்? பதினைந்து இருந்தாலே போதும், நாங்களும் ஒரு டீக்கடைப் பெஞ்சில் அத்தனை பேரோடு உட்கார்ந்துதான் பேச ஆரம்பித்தோம். 2021 டிசம்பர் விற்பனையையும் 2022 ஜனவரி விற்பனையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், விலை வாரியாக. அந்த நூற்றைம்பது ரூபாய் செருப்பைத் தனி வரியில் எழுதுங்கள். அடுத்த மாதம் கல்யாணத்துக்குத் திண்டுக்கல் வருகிறேன். நேரில் பார்ப்போம், எங்கள் பழைய மனுக்களின் நகலையும் எடுத்து வருகிறேன்.