புதுப்பிப்பு: மலை பார்க்க எந்த ஜன்னல் இருக்கை?
காலையில் வடக்கு நோக்கிப் போகும் விமானத்தில் மலை தெரிய எங்கே உட்காரலாம் என்று கேட்டிருந்தேனே, போய் வந்தாச்சு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

‘வெயிலுக்கு எதிர்ப்பக்கம், இறக்கைக்கு முன்னால்’ என்ற யோசனையைத்தான் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஏறிப் பார்த்தால் என் இருக்கைப் பக்கத்தில் வெறும் சுவர்! போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஏசி காற்றுக்குழாய் சுவருக்குள் ஏறுவதால் அந்த இடத்தில் ஜன்னல் வைப்பதில்லையாம், பணம் கட்டுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, முன் வரிசை காலியாக இருந்தது, மாறிக்கொண்டேன்.

அப்புறம் குறையே இல்லை. வலப்பக்கம் கிழக்கு என்பதால் அங்கிருந்தவர்கள் கண் கூசித் திரையை இறக்கிவிட்டார்கள், இடப்பக்கம் எனக்கு மலை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. திரும்பும்போது இறக்கைக்குப் பின்னால்தான் இடம்; இன்ஜின் விடும் சூடான காற்றில் எல்லாம் கானல்போல நெளிந்து, ஒரு படமும் தேறவில்லை.