பயோஅவைலபிலிட்டிக்கு என்ன சொல்? நஞ்சு ‘கிடைக்கும்’ என்று எழுதலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விளைநிலத்தில் சேரும் கன உலோகங்களைப் பற்றி உழவர்கள் படிக்க ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். காட்மியம், ஈயம், நிக்கல், ஆர்சனிக் என்ற பெயர்களில் சிக்கல் இல்லை. (ஆர்சனிக் உண்மையில் உலோகப்போலிதான்; ஆனாலும் எல்லோரும் இந்த வரிசையில் வைத்தே பேசுகிறார்கள்.) மண் ஆய்வு அறிக்கையைப் படிக்கக் கற்றுத்தரும் இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அறிக்கையில் ஒரே உலோகத்துக்கு இரண்டு எண்கள் வரலாம். ஒன்று, மண்ணில் இருக்கும் மொத்த அளவு. மற்றது, அதில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு. இந்த இரண்டாவதைத்தான் பயோஅவைலபிலிட்டி என்கிறார்கள். உழவருக்கு இதுவே முக்கியம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் உள்ள சுண்ணாம்புக் களிமண்ணில் விளைந்த கீரையைவிட, 1 மில்லிகிராம் மட்டுமே உள்ள அமில மணல்மண்ணில் விளைந்த கீரையில் காட்மியம் கூடுதலாக இருக்கக்கூடும்.

‘உயிரியல் கிடைப்புத்தன்மை’ என்று நேராக மொழிபெயர்த்துவிடலாம். எனக்கு அதில் இரண்டு உறுத்தல்கள். முதலாவது, ‘கிடைத்தல்’. வேலை கிடைத்தது, வரன் கிடைத்தது என்று நாம் வேண்டியதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ‘பயிருக்குக் கிடைக்கும் காட்மியம்’ என்று படிக்கிறவர் அதை ஒரு சத்து என்றே நினைப்பார்.

இரண்டாவது உறுத்தல் பெரியது: ‘தன்மை’. கசப்பு வேம்பின் தன்மை, அது மாறாது. இது அப்படி இல்லையே. ஒரு நெல்வயலை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்றுப் புகாது. காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்ஃபைடாக அடங்கிக் கிடக்கும். அதே நேரத்தில் மண்ணில் துருவாக இருந்த இரும்பு கரைய, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு வேருக்குப் போகும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்தால் எல்லாம் தலைகீழ். இரும்பு மறுபடி துருவாகி ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். சல்ஃபைடு உடைந்து காட்மியம் இளகும். மொத்த அளவு ஒரு இம்மியும் மாறவில்லை. மாறியது நிலை மட்டுமே. இதைத் தன்மை என்று எப்படி எழுதுவது?

என் முன்மொழிவு: ஏறுநிலை. விஷம் ஏறியது, சாயம் ஏறியது, உப்பு ஏறியது என்றுதானே சொல்கிறோம். ஒன்று இன்னொன்றுக்குள் புகுந்து பரவுவதற்கு நம் வாயில் வரும் வினை இதுதான். இதற்கு எதிரே, மண் இறுகப் பிடித்து வைத்திருப்பதற்குப் பிடிநிலை. ஜப்பானில் கமியோகா சுரங்கத்திலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியம் நெல்லில் ஏறி, அதை உண்டவர்களின் எலும்பை நொறுக்கிய நோயை 1968இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. அதன் பெயர் ‘இத்தாய் இத்தாய்’. ‘வலிக்குது, வலிக்குது’ என்று பொருள். பாதிக்கப்பட்டவர்கள் வாயிலிருந்தே வந்த பெயர். நம் சொல்லும் உழவர் வாயில் புரளும் வினையிலிருந்து வந்தால் நிற்கும் என்று நம்புகிறேன்.

மறுமொழி:

> நாம் வேண்டியதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

ஐயா, தண்டனையும் கிடைக்கிறது, அடியும் கிடைக்கிறது. அந்த வாதம் நிற்காது. ‘கிடைக்கும் மணிச்சத்து’ (பாஸ்பரஸ்) என்று மண்ணியல் நூல்களில் ஏற்கெனவே உண்டு. சத்துக்கு ஒரு சொல், நஞ்சுக்கு வேறு சொல் என்று பிரித்தால் படிக்கிறவர் குழம்பமாட்டாரா? ஆய்வகத்தில் இரண்டும் ஒரே வேலைதான். 10 கிராம் மண்ணில் 20 மில்லிலிட்டர் டி.டி.பி.ஏ. (உலோகத்தைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருள்) கரைசலை ஊற்றி 2 மணி நேரம் குலுக்கி வடிப்போம். மண்ணியலாளர்கள் லிண்ட்சே, நார்வெல் இருவரும் 1978இல் வெளியிட்ட அந்த முறை துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் பற்றாக்குறையை அறிய வந்தது. பிறகு அதே வடிநீரில் காட்மியத்தையும் ஈயத்தையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

‘தன்மை’ வேண்டாம் என்பது சரி. ஆனால் ‘காட்மியம் ஏறுநிலையில் உள்ளது’ என்று எழுதினால், அதன் அளவு நாளுக்கு நாள் கூடுகிறது என்றே எவரும் படிப்பார். விலை ஏறுகிற மாதிரி. இது பெரிய ஓட்டை.

இன்னொன்று. ஈயம் பயிருக்குள் அதிகம் போகாது. ஆனால் கையில் ஒட்டிய மண் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் அங்கே உள்ள அமிலத்தில் கரையும். அப்போது யாருக்குள் ஏறுவதைச் சொல்கிறீர்கள்? அப்புறம், மொத்த அளவு முக்கியமில்லை என்பது போலக் கையேட்டில் எழுதிவிடாதீர்கள். உலோகம் மக்கி அழிவதில்லை. சுண்ணாம்பு இட்டு அடக்கி வைத்த காட்மியம், பல ஆண்டுகள் அம்மோனியம் உரம் போட்டு மண் அமிலமானால் மறுபடி கிளம்பும்.

அதற்கு மறுமொழி:

‘தண்டனை கிடைத்தது’ எனக்குத் தோன்றவே இல்லை. முதல் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஏறுநிலை தனியாக நின்றால் தவறாகப் படிக்கப்படும் என்பதையும் ஏற்கிறேன். நேற்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தபோது எனக்கே அப்படித்தான் பட்டது.

ஆனால் நீங்கள் கேட்ட ‘யாருக்குள்?’ என்ற கேள்வியே வழியைக் காட்டிவிட்டது. ஏறும் இடத்தைச் சொல்லோடு சேர்த்துவிடலாம். பயிரேறு காட்மியம். உடலேறு ஈயம். இப்படி எழுதினால் அளவு கூடுகிறது என்ற பொருள் வர வழியே இல்லை. பெயராக வேண்டும் என்றால் பயிரேறுநிலை, உடலேறுநிலை. சத்துக்கும் இதுவே பொருந்தும்: பயிரேறு துத்தநாகம். அதனால் சத்துக்கு ஒன்று, நஞ்சுக்கு ஒன்று என்ற பிரிவினையும் தேவைப்படாது. ‘கிடைக்கும் மணிச்சத்து’ பழகிய இடத்தில் அப்படியே இருக்கட்டும். அதைப் பெயர்க்க நான் வரவில்லை.

மொத்த அளவைப் பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி. பிடிநிலை என்ற சொல்லை இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள அதுவே காரணம். ‘பூட்டுநிலை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். பூட்டினால் கவலை விட்டது என்று ஆகிவிடும். பிடி தளரும், தளரக்கூடியது என்று அந்தச் சொல்லே சொல்கிறது.

கையேட்டில் எடுத்துக்காட்டாக இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘இந்த வயலில் மொத்தக் காட்மியம் கிலோவுக்கு 2 மில்லிகிராம். அதில் பயிரேறு காட்மியம் 0.3. மீதி பிடிநிலையில் இருக்கிறது. மண் அமிலமானால் பிடி தளர்ந்து பயிரேறு அளவு கூடும்.’ உரக்கப் படித்தேன், நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

பொதுத் தலைப்புச் சொல்தான் பாக்கி. ‘உயிரேறுநிலை’ என்றால் உயிர் வந்துவிட்டது என்ற பொருள் குறுக்கே நிற்கிறது. மண்புழு, பயிர், மனிதர் மூவருக்கும் பொதுவாக ஒரு முன்னொட்டு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை அந்த அத்தியாயத்தின் தலைப்பு ‘பயிரேறுநிலை’ என்றே இருக்கும்.