கலைச்சொல்: ‘இதயத் துடிப்பு மாறுபாடு’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பாடங்களைத் தமிழில் எழுதும்போது இரண்டு அளவுகளுக்கு ‘மாறுபாடு’ என்றே போட்டுவிடுகிறோம். ஒன்று, துடிப்புகளுக்கு இடையிலான நேரம் ஏறி இறங்குவது. மற்றது, வென்டிலேட்டர் மூச்சோடு நாடியழுத்தம் (இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள வேறுபாடு) ஏறி இறங்குவது. இரத்தம் இழந்தவரிடம் இவை எதிரெதிர்த் திசையில் போகும். இரத்தக் கொள்ளளவு குறைந்ததும் இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து, துடிப்பு விரைந்து, இடைவெளிகள் ஏறத்தாழ ஒரே சீராகிவிடும். அதே ஆளுக்கு வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் உயர்ந்து, வலது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும்; சில துடிப்புகள் கழித்து நாடியழுத்தமும் சரியும். இரத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு இந்த ஏற்ற இறக்கம் பெரிது. ‘மாறுபாடு கூடியது’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எதைக் கொள்வார்?

முதலாவதற்குத் ‘துடிப்பிடை மாறுமை’, இரண்டாவதற்கு ‘நாடியழுத்த அலைவு’ என்று முன்மொழிகிறேன்.

மறுமொழி:

ஐயா, ‘துடிப்பிடை’ மிகப் பொருத்தம். அளப்பது எண்ணிக்கையை அல்ல, ஈசிஜியில் ஓர் ஆர் முகட்டிலிருந்து (ஒவ்வொரு துடிப்பிலும் எழும் கூர்முனை) அடுத்த ஆர் முகடுவரை உள்ள மில்லிசெகண்டைத்தான். ‘அலைவு’ம் சரியே, மூச்சின் தாளத்தில் வருவதால். ஆனால் விளக்கத்தில் கணக்கையும் சேருங்கள்: ஒரு மூச்சுச் சுற்றில் நாடியழுத்தம் கூடுதலாக 44, குறைவாக 36 என்றால், வேறுபாடு 8, சராசரி 40, அலைவு 20%. ஏறத்தாழ 13 விழுக்காட்டுக்கு மேல் போனால், திரவம் ஏற்றினால் இதயம் வெளித்தள்ளும் அளவு கூட வாய்ப்புண்டு. நோயாளி தானாக மூச்சு விடக்கூடாது, துடிப்பு ஒழுங்காக இருக்கவேண்டும், ஒரு மூச்சின் அளவு கிலோவுக்கு 8 மி.லி.யாவது வேண்டும். நுரையீரலைக் காக்க 6 மி.லி. வைத்திருந்தால், இரத்தம் குறைந்திருந்தும் அலைவு சிறிதாகவே காட்டும்.

துடிப்பிடை மாறுமைக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இடைவெளிகளின் ஏற்ற இறக்கத்தை அதன் வேகப்படி பட்டைகளாகப் பிரிப்பார்கள்; மூச்சோடு வரும், வேகஸின் வேலையைக் காட்டும் உயர் அலைவெண் பட்டை 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை சுற்று). வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 0.2, பட்டைக்குள் நிற்கும். 8 ஆகக் குறைத்தால் 0.13, தாழ் பட்டைக்குள் விழுந்து, இதயத்தை விரைவாக்கும் பரிவு நரம்பின் வேலைபோலத் தோன்றும். மூச்சு வீதத்தைக் குறிக்காத அளவீடு பயன்படாது.

மறுமொழி:

இரண்டு குறிப்பையும் சேர்த்துக்கொள்கிறேன். இன்னொன்று: வரைவில் வென்டிலேட்டருக்கும் ‘மூச்சிழுப்பு’ என்றே இருக்கிறது. அங்கே நோயாளி இழுப்பதில்லை, கருவி தள்ளுகிறது. நெஞ்சழுத்தம் போகும் திசையே தலைகீழ். ‘இழுப்பு’ ஏற்கெனவே வலிப்பையும் மூச்சிரைப்பையும் குறிக்கும் பேச்சுச் சொல் வேறு. ‘காற்றேற்றக் கட்டம்’ என்று மாற்றலாமா?

மறுமொழி:

மாற்றலாம். தானாக மூச்சு விடுபவருக்கு ‘உள்மூச்சு’, கருவிக்குக் ‘காற்றேற்றம்’.